எலிக்கு ஆகாத வாசம்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்துகொண்டு தலையில் பூ வைக்காமல் இருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. மாடியிலிருந்து இறங்கினால் பூக்கடை, திரும்பினால் ஊதுபத்திக் கடை, அதற்கு அடுத்ததில் மிளகாயும் மல்லியும் அரைக்கிறார்கள். நான் சொல்லப்போகிற அக்கா தினமும் காலையில் இந்த மூன்றையும் கடந்துதான் ரயிலுக்குப் போவார். மெஷின் ஓடுகிற நாளாக இருந்தால் முடியைத் துணியால் மூடிக்கொண்டு எதிர்ச்சாரிக்கு மாறிவிடுவார். பூக்கடைக்காரம்மா பல வருஷம் இதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு ஒரு நாள் பொறுக்க முடியாமல், "ஏங்க, வீட்டுக்காரர் இருக்காருல்ல?" என்று கேட்டேவிட்டாராம். "இருக்காரு. நல்லா சாப்பிடுறாரு" என்று சொல்லிவிட்டு அக்கா நடந்திருக்கிறார்.

இதை என்னிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. நான்தான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

கோலாலம்பூரில் ஓர் ஆய்வு நிலையத்தின் விலங்குக் கூடத்தில் அவர் வேலை பார்த்தார். கால்நடை மருத்துவத் தொழில்நுட்பர் என்று கழுத்து அட்டையில் இருக்கும். மலாய்க்காரர்கள் 'காக்' என்பார்கள், எனக்கு அக்கா. நானூறு எலிகள், அதைப்போல இரண்டு பங்கு சுண்டெலிகள், எப்போதாவது பத்துப் பன்னிரண்டு முயல்கள். எல்லாவற்றுக்கும் தீனி, தண்ணீர், மரத்தூள், எடை, ஊசி, காயத்துக்கு மருந்து, கடைசியில் சாவு வரை அவர் கைதான். நான் முனைவர் பட்டத்துக்காக அங்கே மூன்று வருஷம் எலிகளோடு இருந்தேன். இதெல்லாம் நடந்து பத்து வருஷம் ஆகப்போகிறது. இன்றைக்கும் யாராவது என் பக்கத்தில் பவுடர் வாசத்தோடு வந்து உட்கார்ந்தால், முதலில் ஞாபகத்துக்கு வருவது அவர்தான்.

ஏனென்றால் அவரிடம் எந்த வாசமும் இருக்காது. உடம்புக்கும் தலைக்கும் வெறும் பயத்தமாவு. துணிக்கு வாசனை போடாத சோப்புக்கட்டி, அதையும் மூன்று தண்ணீரில் அலசுவார். தாலியை மஞ்சள் கயிற்றில் போடாமல் செயினில் கோத்திருந்தார். நெற்றியில் ஒட்டுப்பொட்டு. திருநீறுகூட வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் கோயிலில் நின்றுதான். "சாமிக்கு ஷிப்ட் மாத்திட்டேன்" என்பார். தீபாவளிக்கு மட்டும் இரண்டு நாள் லீவு கேட்பார். முதல் நாள் எண்ணெய் தேய்த்துக் குளிக்க, இரண்டாம் நாள் அந்த வாசம் போக. மேனேஜர் மலாய்க்காரர், நல்ல மனிதர், காரணம் கேட்காமல் கையெழுத்துப் போடுவார்.

எலிக்குக் கண் அவ்வளவாகத் தெரியாது. அது உலகத்தைத் தெரிந்துகொள்வது மூக்கால். கூண்டைத் திறக்கிற கை நேற்று வந்த அதே கைதானா என்பதை அது வாசத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறது. புது வாசம் என்றால் பயப்படும், பயந்த எலியின் ரத்தமும் நடத்தையும் வேறு கதை சொல்லும். இது எல்லாருக்கும் தெரிந்த பாடம், நானும் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அதற்காகப் பூவையே விட்டுவிட்ட ஒருவரை நான் பார்த்தது அங்கேதான்.

முதல் நாள் நான் உள்ளே நுழைந்தபோது அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஷாம்பு என்ன போட்ட?" என்று கேட்டார்.

"ஸ்ட்ராபெரி, அக்கா."

"எலி அதைத் திங்கணும்னு நினைக்கும் லா. போய்த் தலைய அலசிட்டு வா. வெறும் தண்ணி."

எனக்குச் சுருக்கென்றது. முதுகலையில் முதல் வகுப்பு வாங்கியவள், முப்பது வயது, என்னைப் போய்த் தலை அலசச் சொல்கிறாரே என்று இருந்தது. அலசிவிட்டு வந்தேன். அடுத்த வாரமே ஒரு வெளிநாட்டு விஞ்ஞானி இயக்குநரோடு பார்வையிட வந்தார். முகச்சவரம் செய்து நல்ல வாசனைத் தண்ணீர் தடவியிருந்தார், நடைவழி முழுக்க மணத்தது. அக்கா கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டார். "சாரி பாஸ். வாஷ் ஃபர்ஸ்ட், ஓகே?" என்று குழாயைக் காட்டினார். இயக்குநர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். வந்தவர் பெரிய மனிதர், ஒரு வார்த்தை பேசாமல் கன்னத்தைத் தேய்த்துக் கழுவினார். அன்றைக்கு எனக்கு என் தலைமுடி விஷயத்தில் இருந்த கோபம் போய்விட்டது.

எலிகளுக்கு அவர் பெயர் வைத்ததில்லை. வாலில் மார்க்கரால் போட்ட எண்தான். ஆனால் கூண்டைத் திறக்கும்போது, "வா தம்பி, எடை பார்த்துருவோம்" என்று கூப்பிடுவார். என் எலிகள் இருபத்து நான்கும் ஆண். எல்லாரும் தம்பிகள். முயல்கள் பெண்ணாக இருந்தால் தங்கச்சி. கொஞ்சல் எல்லாம் கிடையாது. பஸ்ஸில் இடம் விடச் சொல்கிற குரலில்தான் சொல்வார். ஒரு முறை பயிற்சிக்கு வந்த பெண் ஊசி போடுவதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே "பாவம் அக்கா" என்றாள். அவர் அவளிடம் தண்ணீர் பாட்டில் தட்டைக் கொடுத்து, "பாவம்னு சொல்லிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போயிடுறாங்க. நீ இந்த வரிசைக்குத் தண்ணி மாத்து" என்றார். அந்தப் பெண் மாற்றினாள். அழுகையும் நின்றது.

இன்னொரு பழக்கம், பதிவேடு. அறைக்கு ஒன்று உண்டு, ஒவ்வொரு நாளும் பார்த்ததை எழுத வேண்டும். மற்ற அறைகளில் 'நார்மல்' என்று ஒரு மாதத்துக்கு ஒரே கையெழுத்தில் ஓடும். அக்காவின் பதிவேட்டில் கூரையில் மழை பலமாக அடித்தது, பதினோராம் எண் எலி தீனி மிச்சம் வைத்தது, நான் தும்மினேன் என்பது வரை இருக்கும். நான் தும்மினேன் என்றால் அவர்தான் தும்மினார். தன்னால் ஏதாவது நேர்ந்தால் அதை முதல் வரியில் எழுதுவார். "நம்ம மூக்கு எதுக்கு ஆகும்? அதுங்க மூக்குதான் ரிப்போர்ட்டு. அது சொல்றத எழுதுறதுக்குத்தான் நமக்குச் சம்பளம்."

என் ஆய்வு வல்லாரையைப் பற்றியது. இங்கே மலாய்க்காரர்கள் பெகாகா என்று பச்சையாகவே சோற்றோடு சாப்பிடுகிற கீரை. அதன் சாறு பயத்தைக் குறைக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆறு வாரம் பன்னிரண்டு எலிகளுக்குச் சாறு, பன்னிரண்டுக்கு வெறும் தண்ணீர். பிறகு ஒவ்வொன்றையும் தரையிலிருந்து உயரத்தில் வைத்த கூட்டல் குறி போன்ற பலகையில் விட வேண்டும். பலகையின் நான்கு கைகளில் இரண்டுக்குச் சுவர் உண்டு, மற்ற இரண்டு திறந்தவெளி. பயந்த எலி சுவருக்குள் ஒடுங்கும். பயமில்லாதது வெளியே போய் எட்டிப் பார்க்கும். ஆறு வாரமும் அக்கா என்கூட நின்று ஒவ்வோர் எலியையும் பிடித்துக் கொடுத்தார். அறை குளிராக இருக்கும். நான் நடுங்குவதைப் பார்த்து, "நடுங்கிக்கிட்டே மருந்து குடுக்காத. உள்ள ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கோ, அதுக்கு மேல கோட்டு" என்று சொன்னவரும் அவரே. விதிப்படி வெளித்துணி கூடாது. எனக்காக அவர் மேனேஜரிடம் கேட்டு வாங்கிக் கொடுத்த சலுகை அது. ஸ்வெட்டரை நானே வாசனையில்லாத சோப்பில் துவைப்பேன்.

அந்த ஆறாவது வாரத்தில்தான் நான் தினமும் இறங்குகிற கிளாங் ஸ்டேஷன் படியில் அந்தப் பூனைக்குட்டி கிடந்தது. மஞ்சள் நிறம், மழையில் நனைந்து என் செருப்பின்மேல் ஏறி நின்றது. விலங்குக் கூடத்துக்குள் வருகிற யாரும் வீட்டில் பூனை வைத்துக்கொள்ளக் கூடாது. அப்படி ஒரு படிவத்தில் நானே கையெழுத்துப் போட்டிருந்தேன். ஒரு வாரம்தானே, ஆளைத் தேடிக் கொடுத்துவிடலாம் என்று வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். தினமும் உடை மாற்றிக்கொண்டுதான் போகிறேன், என்ன ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குட்டி எங்கே தூங்குகிறது என்று நான் கவனிக்கவில்லை.

சோதனையின் முதல் நாள் ஆறு எலிகளைப் பலகையில் விட்டோம். ஆறும் சுவருக்குள் போய் ஒடுங்கின. சாறு குடித்ததும் சரி, தண்ணீர் குடித்ததும் சரி. ஒன்று நகரவே இல்லை, பலகையை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அக்கா கடிகாரத்தை நிறுத்தினார்.

"இன்னிக்குப் போதும். எதுவோ சரியில்ல."

உடை மாற்றும் அறையில் கோட்டைக் கழற்றியபோது ஸ்வெட்டரின் கைமடிப்பில் ஒரு மஞ்சள் முடி ஒட்டியிருந்தது. இரண்டு விரலால் எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அந்த இடத்திலேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. மறுநாளிலிருந்து ஸ்வெட்டர் போடவில்லை. குளிர் பழகிவிட்டது என்றேன். வாயைத் திறந்தால் மூன்று வருஷம் போய்விடும் என்ற பயம். வேறு காரணம் எதுவும் நான் சொல்லிக்கொள்வதற்கில்லை.

இரண்டு நாளில் எலிகள் மறுபடி தீனி தின்ன ஆரம்பித்தன. மூன்றாம் நாள் கூண்டுக் கம்பியில் மூக்கை நீட்டின. அக்கா முகம் தெளிந்தது. பதிவேட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தார். நான் அவர் தோளுக்குமேல் எட்டிப் படித்தேன். 'என் கையில் இருந்த மருந்தெண்ணெய் வாசம். அதை நிறுத்தியபின் எலிகள் தேறின. தவறு என்னுடையது.'

"என்ன எண்ணெய் அக்கா?"

"வீட்டுக்காரருக்கு. சாயங்காலம் காலுக்குத் தேய்ச்சு விடுவேன். கைய முழங்கை வரைக்கும் கழுவிட்டுத்தான் படுப்பேன், காலையில குளிச்சுட்டுத்தான் வருவேன். ஒன்பது வருஷமா ஒண்ணும் ஆனதில்ல. ஆனா என்கிட்ட வேற வாசமே இல்லையே. அது ஒண்ணுதான்."

அவர் எண்ணெயை நிறுத்திய நாளும் நான் ஸ்வெட்டரை நிறுத்திய நாளும் ஒன்று. எலிகள் தேறியதற்கு அவர் பார்த்த காரணம் அது, எனக்குத் தெரிந்த காரணம் வேறு. மேனேஜர் படித்துவிட்டு, பரவாயில்லை காக், இரண்டு வாரம் ஓய்வு கொடுத்துவிட்டு மறுபடி சோதியுங்கள் என்று எழுதினார். நான் தப்பித்தேன். ஒரு வரியும் பொய் எழுதாத அந்தப் பதிவேட்டில் என்னால் ஒரு தப்பான வரி ஏறியிருந்தது. எழுதியவருக்கு அது தப்பென்று தெரியாது.

மறுசோதனைக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின இரண்டு நாளும் அக்கா லீவு. தீபாவளியைத் தவிர லீவே எடுக்காதவர் என்பதால் காய்ச்சலோ என்னவோ என்று ஆரஞ்சு வாங்கிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸில் அவர் வீட்டுக்குப் போனேன். அக்கா கடைக்குப் போயிருந்தார். கதவைத் திறந்தது அவர் வீட்டுக்காரர், சுவரைப் பிடித்துக்கொண்டு. ரயிலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை வியாதியில் இரண்டு காலிலும் நரம்பு போய்விட்டது என்று அக்கா எப்போதோ சொன்னது. அவர் நாற்காலியில் உட்காருவதற்கே ஐந்து நிமிஷம் ஆயிற்று.

"எலி டாக்டரா? வாம்மா, உக்காரு. அவ பாசாருக்குப் போயிருக்கா, இப்ப வந்துருவா. எனக்குத்தான் ரெண்டு நாளா நிக்க முடியல, அதான் லீவு போட்டா."

"என்ன அங்கிள் ஆச்சு?"

"ஒண்ணுமில்ல லா. எண்ணெய் தேய்ச்சா ராத்திரி தூங்குவேன். இப்ப ரெண்டு வாரமா இல்ல, கால் இழுத்துக்குது. எலிக்கு அந்த வாசம் ஆகலையாம்." சிரித்தார். "வேற ஆளு வெச்சுத் தேய்க்கலாம்னா, வீட்டுக்குள்ள வாசம் வருமாம். துணியில ஏறுமாம். நான் சொல்லிட்டேன், எலி நல்லா இருந்தா சரி. என் காலு எங்க போயிடப் போகுது?"

அவர் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வலது கால் சுருட்டிக்கொண்டது. பேச்சை நிறுத்தி, பல்லைக் கடித்து, இரண்டு கையாலும் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டார். நெற்றியில் வேர்த்துவிட்டது. நான் பிடித்துவிடவா என்று கேட்கக்கூட வாய் வரவில்லை. என் கையால் அவரைத் தொட எனக்கு வெட்கமாக இருந்தது. அக்கா வருவதற்குள் ஆரஞ்சை மேஜைமேல் வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

மறுநாள் காலை உடை மாற்றும் அறையில் ஸ்வெட்டரைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொண்டுபோய் அக்காவிடம் நீட்டினேன். பூனை, ஸ்டேஷன் படி, முடி, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பையை வாங்கவில்லை. கையுறையைப் போட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார்.

"எத்தனை நாளா?"

"குட்டி வந்து மூணு வாரம் அக்கா."

"அது இல்ல. உனக்குத் தெரிஞ்சு எத்தனை நாளா?"

"பதினாறு."

திட்டுவார் என்று நின்றேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவர் பதிவேட்டைத் திறந்து, முன்பு தான் எழுதிய வரியை ஒரு கோடு போட்டு அடித்தார். கீழே எழுதினார். என் பெயர், என் வீட்டுப் பூனை, ஸ்வெட்டர், தேதி. அதற்குக் கீழே, பதினாறு நாள் தெரிந்திருந்தும் சொல்லவில்லை.

"அக்கா, அந்தக் கடைசி வரி மட்டும் வேணாமே" என்றேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. அந்த நேரத்திலும் எனக்கு என் நிலைமைதான்.

"எண்ணெய எழுதினேன்ல, நான் யோசிச்சேனா?" என்று கேட்டார், மெதுவாக. மூடிவிட்டார்.

விலங்கு ஆய்வுகளைக் கண்காணிக்கிற குழு கூடியது. ஆய்வு ரத்து. எனக்கு மூன்று மாதம் கூடத்துக்குள் நுழையத் தடை, பிறகு முதலிலிருந்து தொடங்கலாம். குட்டியை ஜெஞ்சாரோமில் என் சின்னம்மா வீட்டில் விட்டேன். "விரட்டிடாத, அது என்ன பண்ணுச்சு" என்று அக்காதான் சொன்னார். ஆனால் அந்த இருபத்து நான்கு எலிகளையும் வேறு எந்த ஆய்வுக்கும் எடுத்துக்கொள்ள முடியாது, கொன்றுவிட வேண்டியதுதான். ஆய்வு நல்லபடியாக முடிந்திருந்தாலும் அவற்றின் முடிவு அதுதான், ஆனால் எதற்காகவோ போயிருக்கும். இப்போது எதற்கும் இல்லை.

வழக்கமாக எங்களைப் போன்றவர்கள் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவோம். மற்றது அக்கா வேலை. தடை தொடங்குவதற்கு முன் அந்தக் கடைசி மதியம் நானும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடினேன்.

"நீ புடி" என்றார்.

பிடித்தேன். ஒவ்வொன்றாக. "வா தம்பி" என்று அவர் கூண்டைத் திறப்பார், எடுத்து என் கையில் கொடுப்பார், ஊசி போடுவார். எலிகள் அவர் கையிலிருந்து வந்ததால் என் கையிலும் அமைதியாக இருந்தன. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பத்தாவதுக்குமேல் கண் தெரியாமல் அழுதேன். அவர் நிறுத்தவும் இல்லை, தேற்றவும் இல்லை. இருபத்து நான்கு முடிந்ததும் எண்களைச் சரிபார்த்தார், பதிவேட்டில் எழுதினார், கையுறையைக் கழற்றினார். மணி நாலு. ஆறு மணிக்கு முன்னால் அவர் கிளம்பி நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பையை எடுத்துக்கொண்டு நேரே கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் கிளாங் போகிற ரயிலில் உட்கார்ந்து அவருக்குப் போன் செய்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும், அதை நேரில் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. வீட்டுக்காரர் எடுத்தார்.

"அவ கையெல்லாம் எண்ணெய்ம்மா, போன் புடிக்க முடியாது. கால் தேய்ச்சுக்கிட்டு இருக்கா. மறுபடி ஆரம்பிச்சாச்சு, எலிக்கு ஒண்ணும் ஆகாதாம், எண்ணெய் காரணம் இல்லையாம்." குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "நல்ல வேளை. சும்மா சொல்லக் கூடாது, ரெண்டு வாரம் உயிர் போச்சு. ஆமா, இப்ப எலிங்க எல்லாம் சௌக்கியமா?"

சௌக்கியம் அங்கிள் என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். அவர் காலுக்கு ஒன்றும் ஆகப் போவதில்லை, யாருக்கும் தெரியப் போவதில்லை.

"இல்ல அங்கிள். இன்னிக்கு எல்லாத்தையும் முடிச்சாச்சு. இருபத்து நாலும். என்னாலதான். எண்ணெய் இல்ல, என் வீட்டுப் பூனை. எனக்கு அப்பவே தெரியும், நான் சொல்லல."

அவர் போனை வாயிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு அக்காவிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

"ஏம்மா, எலியெல்லாம் போயிடுச்சாமே. நீ சொல்லவே இல்லையே."

அக்காவின் குரல் பஸ்ஸில் இடம் கேட்கிற அதே குரல்தான். ஆனால் நடுவில் ஓரிடத்தில் நின்றுவிட்டு வந்தது.

"அந்தக் கால... நீட்டுங்க."